வெளிநாட்டுக் கொம்பனி போனா, திறந்த போனா? வாங்குவதிலிருந்து வன்னியில் சிம் வேலை செய்யும்வரை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு போன் வருகிறது. பெட்டியைத் திறந்து சிம்மைப் போட்டால் "சிம் நொட் சப்போர்ட்டட்" என்று திரையில் விழுகிறது. அனுப்பியவரிடம் கேட்டால், "அது அன்லொக் போன்தானே" என்கிறார். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஒரு போனில் நாலு விதமான பூட்டு இருக்கலாம். அவர் சொன்னது ஒன்றை, உங்களை மறித்தது வேறொன்று. நாலில் மூன்று, போன் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்து சேர்ந்தபின் இங்கே எந்தக் கடையிலும் நேர்வழியில் திறக்க முடியாதவை. அதனால் கீழேயுள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் ஏழு படிகளும் போன் அந்த நாட்டில் இருக்கும்போதே முடியவேண்டியவை.

1. எந்தப் பூட்டு என்று பிரித்துக் கேளுங்கள்

முதலாவது கொம்பனிப் பூட்டு. தொலைபேசிக் கொம்பனி தன் சிம் மட்டும் வேலை செய்யும்படி போட்டது. அதை விற்ற கொம்பனியே திறக்கவேண்டும்.

இரண்டாவது கணக்குப் பூட்டு. ஐபோனில் பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கு, அன்ட்ரொயிட்டில் கூகுள் கணக்கு. போனை அழித்துப் புதிதாக்கினாலும் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். இதைத் திறக்கக்கூடியவர் கணக்குக்கு உரியவர்.

மூன்றாவது கடன் பூட்டு. தவணை கட்டி முடியாத போன், களவு போனதென்று முறையிடப்பட்ட போன், ஒரு வேலைத்தலம் தன் ஊழியருக்குக் கொடுத்த போன் எல்லாம் இதில் அடங்கும்.

நாலாவது நம் நாட்டுப் பதிவு. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போனின் ஐ.எம்.இ.ஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண், பதிவாகியிருக்கவேண்டும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவில்லாத புதுக் கருவிகளை உள்ளூர் வலையமைப்புகளில் சேர்ப்பதில்லை என்பது நடைமுறை. அதற்கு முன்பே இங்கே பாவனையிலிருந்த போன்களுக்கு இது பொருந்தாது.

ஒன்று திறந்தால் மற்றது திறவாது. "அன்லொக்" என்று யாராவது சொன்னால், இந்த நாலில் எது என்று திருப்பிக் கேளுங்கள்.

2. காசு கொடுக்குமுன் ஐந்து படம் கேளுங்கள்

அனுப்புகிறவர் சொந்த அண்ணன் என்றாலும் கேளுங்கள். வாயால் கேட்டால் "எல்லாம் சரி" என்றுதான் பதில் வரும். படத்தில்தான் உண்மை தெரியும்.

முதல் படம், போனில் *#06# அழுத்தினால் வரும் திரை. அதில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் இருக்கும். இரண்டு சிம் போடக்கூடிய போனில் இரண்டு எண் வரும், இரண்டும் வேண்டும். இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம்) உள்ள போன்களில் இரண்டாவது எண் இ-சிம்முக்கு உரியதாக இருப்பதுண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, பிறகு மற்றதில் சிம் போட்டு மாட்டுப்படுவது வழக்கமான பிழை.

இரண்டாவது, பெட்டியின் பின்பக்கம். அங்குள்ள எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறாக இருந்தால் பெட்டி மாறியிருக்கிறது, அல்லது போனின் பலகை மாற்றப்பட்டிருக்கிறது. அந்தப் போன் வேண்டாம்.

மூன்றாவது, "அபவுட்" பக்கம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் "கரியர் லொக்" என்றொரு வரி இருக்கும். அதற்கு நேரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்றிருந்தால்தான் கொம்பனிப் பூட்டு இல்லை. வேறு எது எழுதியிருந்தாலும் பூட்டு இருக்கிறது. அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் இப்படியொரு வரி கிடையாது. வேறு கொம்பனியின் சிம் ஒன்றைப் போட்டு, அழைப்பு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நாலாவது, அதே பக்கத்திலுள்ள மொடல் எண். ஐபோனில் அந்த எண்ணின் முதலெழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் திருத்தி மறுபடி விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. கடைசி எழுத்துகள் நாட்டைச் சொல்லும்: எல்.எல் அமெரிக்கா, ஜே ஜப்பான், பி பிரித்தானியா, சி.எச் சீனா. "கனடாப் போன்" என்று சொல்லி எல்.எல் வந்தால் அது எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் போனாக இருக்கலாம். அப்படியானால் 4ஆம் படியை அமெரிக்கப் போனுக்கென்றே வாசியுங்கள்.

ஐந்தாவது, பற்றுச்சீட்டு. கொம்பனியிடம் பூட்டுத் திறக்கக் கேட்கவும், கணக்குப் பூட்டில் மாட்டினால் உரிமையை நிரூபிக்கவும், இங்கே பதிவுக்கு விண்ணப்பிக்கவும் இந்த ஒரே தாள்தான் உதவும்.

3. ஐ.எம்.இ.ஐ எண்ணை 1909க்கு அனுப்பிப் பாருங்கள்

குறுஞ்செய்தியில் ஐ, எம், இ, ஐ என்ற நாலு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் எழுதி 1909க்கு அனுப்புங்கள். அந்த எண் பதிவில் உண்டா இல்லையா என்று பதில் வரும். போன் உங்கள் கையில் இருக்கவேண்டியதில்லை, எண் தெரிந்தால் போதும்.

இடைவெளி விடாமல் அனுப்புவது, பதினைந்துக்குப் பதில் பதினான்கு இலக்கம் அனுப்புவது, எண்ணுக்கு நடுவே கோடு போடுவது ஆகிய மூன்றும்தான் பதில் பிழைப்பதற்கு வழக்கமான காரணங்கள்.

இலங்கையில் முறைப்படி இறக்குமதியான போன் என்றால் பதிவு இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கையோடு கொண்டுவரும் போனுக்கு இருக்காது. தனிப்பட்ட பாவனைக்கென ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கவேண்டும். ஆணைக்குழுவின் அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில். மாங்குளத்திலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆகவே இணையவழியில் விண்ணப்பிக்கும் முறையை முதலில் பாருங்கள். போனைக் கொண்டுவருபவர் ஊரில் நிற்கும்போதே அவருடைய கடவுச்சீட்டின் முதற்பக்கம், நாட்டுக்குள் வந்த முத்திரை, பற்றுச்சீட்டு மூன்றையும் படமெடுத்து வையுங்கள். அவர் திரும்பிப் போனபின் அந்தப் படங்களுக்கு அலைவதுதான் பெரும் தொல்லை.

4. எந்த நாட்டில், எப்படி விற்ற போன் என்று பாருங்கள்

கொம்பனிப் பூட்டு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. போனின் விலையைப் பேசுமுன் நாட்டைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடியும்.

கனடா: 2017 டிசம்பர் 1 முதல் கொம்பனிகள் புதுப் போனைப் பூட்டு இல்லாமலே விற்கவேண்டும், பழைய பூட்டையும் காசு வாங்காமல் திறந்துகொடுக்கவேண்டும். அதனால் கனடாவில் வாங்கிய போனில் கொம்பனிப் பூட்டுப் பயம் குறைவு. தவணைக் கடன் பயம் அப்படியே உண்டு.

பிரித்தானியா: 2021 டிசம்பர் 17 முதல் பூட்டிய போன் விற்கத் தடை. அதற்கு முன் வாங்கிய பழைய போன் என்றால் கேட்டுப் பார்க்கவேண்டும். லண்டனில் புதுப்பித்து விற்கும் கடைகளில் அந்தக் காலத்துப் போன்கள் இன்னும் புழங்குகின்றன.

ஜப்பான்: 2021 ஒக்டோபர் முதல் பூட்டி விற்பது பொதுவாக நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் பூட்டியவை.

பிரான்ஸ்: பூட்டி விற்கலாம், ஆனால் மூன்று மாதம் கழிந்தால் இலவசமாகத் திறந்துகொடுக்கவேண்டும்.

அவுஸ்திரேலியா: முன்கட்டண சிம்மோடு சுப்பர்மார்க்கெட்டில் தொங்கும் மலிவுப் போன்கள் பூட்டியவையாக இருப்பது வழக்கம்.

அமெரிக்கா: கவனம் முழுக்க இங்கேதான் வேண்டும். ஏ.ரி.அன்ட்.ரி, ரி-மொபைல் போன்ற கொம்பனிகள் இன்னும் பூட்டியே விற்கின்றன. மாதாந்தக் கட்டணப் போன் என்றால், ஏ.ரி.அன்ட்.ரி தன் சிம்மில் 60 நாள் ஓடியிருக்கவேண்டும் என்கிறது, ரி-மொபைல் 40 நாள் என்கிறது. இரண்டிலும் போனின் விலை முழுதும் கட்டி முடிந்திருக்கவேண்டும். முன்கட்டணப் போன்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். விலைகுறைந்த அமெரிக்கப் போன் ஒன்று புத்தம்புதிதாக, பெட்டி உடைக்காமல் வந்தால் மகிழ வேண்டாம். உடைக்காத பெட்டி என்றால் அந்த 40 நாளோ 60 நாளோ இன்னும் தொடங்கவேயில்லை என்று அர்த்தம். பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் பெட்டியைத் திறவாமல் அனுப்புவது அன்பினால்தான், மாட்டுப்படுவது இங்கேயிருப்பவர்.

கொம்பனிக் கடையில் போகாமல், போன் தயாரித்தவரின் கடையிலேயே முழு விலை கொடுத்து "சிம் இல்லாத" போனாக வாங்குவதுதான் எந்த நாட்டிலும் நேரான வழி. கொம்பனிக் கடையில் விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், மிச்ச விலை மாதக் கட்டணத்தில் ஒளிந்திருப்பது. அந்த மாதக் கட்டணத்தைக் கட்டப்போவது அனுப்புகிறவர். அவர் இடையில் நிறுத்தினால் போன் கறுப்புப் பட்டியலுக்கு, அதாவது வலையமைப்பில் சேர்க்காத போன்களின் பட்டியலுக்கு, போகலாம்.

5. பூட்டு இருந்தால் அங்கேயே திறப்பியுங்கள்

கேட்கவேண்டியவர் கணக்கு வைத்திருப்பவர். நீங்கள் இங்கிருந்து கேட்டால் கொம்பனி பதில் சொல்லாது. ஐபோனுக்குக் குறியீட்டு எண் எதுவும் வராது. கொம்பனி அப்பிளுக்குச் சொல்லும். போன் வைஃபையில் இணைந்து வேறு கொம்பனியின் சிம் போட்டதும் தானாகத் திறக்கும். திறவாவிட்டால் போனில் உள்ளவற்றுக்குப் பிரதி (பேக்கப்) எடுத்து, போனை அழித்துப் புதிதாகத் தொடங்கவேண்டும். அதன்பின் அபவுட் பக்கத்தை மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்ட்ரொயிட்டில் சில போன்களுக்கு இலக்கக் குறியீடு வரும். வேறு சிம் போட்டதும் அதைக் கேட்கும். பிழையாகத் தட்டுவதற்கு வரம்பு உண்டு. நினைத்த எண்களைப் போட்டுப் பார்க்கவே கூடாது. வரம்பு தாண்டினால் சரியான எண்ணையும் ஏற்காது.

"தற்காலிக அன்லொக்" என்று ஒன்று உண்டு. பயணம் போகிறவர்களுக்காகச் சில கொம்பனிகள் 30 நாள் திறந்துவிடுவார்கள். வன்னிக்கு வந்து ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டு, அடுத்த மாதம் சிம்மைக் கழற்று என்று சொல்லும் போன் இந்த வகை. நிரந்தரமா என்று ஒரு சொல் கேட்டால் தீரும் விடயம்.

சாம்சங்கில் இன்னொரு வகைப் பூட்டு. பெட்டியில் "இந்தப் பிராந்தியத்து சிம்மை முதலில் பாவிக்கவும்" என்ற கருத்தில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். இது கொம்பனிப் பூட்டல்ல, பிராந்தியப் பூட்டு. வாங்கிய பிராந்தியத்து சிம் போட்டு, போனின் சொந்த அழைப்புச் செயலியால் மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைத்தால் திறந்துவிடும். வட்ஸ்அப், வைபர் அழைப்பு கணக்கில் சேராது. வளைகுடாவிலிருந்து கொண்டுவருபவர்கள் விமானம் ஏறுமுன் செய்யவேண்டிய ஐந்து நிமிட வேலை இது.

6. கணக்கை விட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்

ஒழுங்கு முக்கியம்: முதலில் கணக்கிலிருந்து வெளியேறுவது, பிறகு அழிப்பது. மாற்றிச் செய்தால் போன் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லிலேயே நிற்கும்.

ஐபோனில் செட்டிங்ஸின் உச்சியிலுள்ள பெயரை அழுத்தி, கீழே "சைன் அவுட்" கொடுக்கவேண்டும். அதன்பின் ஜெனரல் பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். மறந்துபோய் அனுப்பிவிட்டால் முழுதாகக் கைவிட வேண்டியதில்லை: அனுப்பியவர் தன் கணினியில் ஐகிளவுட் கணக்கில் நுழைந்து, அந்தப் போனைக் கணக்கிலிருந்து நீக்கினால் இங்கே திறக்கும்.

அன்ட்ரொயிட்டில் அந்த வசதி இல்லை. கூகுள் கணக்கை, சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும், போனிலிருந்தே நீக்கவேண்டும். அங்கிருந்து கணக்குப் பட்டியலில் போனை நீக்குவது இந்தப் பூட்டைத் திறவாது. அவர் கடவுச்சொல்லைச் சொன்னாலும் உறுதிக் குறியீடு அவருடைய கைக்கே போகும். இருவரும் ஒரே நேரத்தில் அழைப்பில் இருக்கவேண்டும். நேர வித்தியாசத்தைப் பாருங்கள்: நமக்குக் காலை பத்து மணி, ரொறன்ரோவில் நள்ளிரவை அண்டியிருக்கும். கடவுச்சொல் மறந்து அன்றைக்கே புதிதாக மாற்றியிருந்தால், ஒரு நாள் பொறுத்துத்தான் முயலவேண்டும்.

தொடங்கும் திரையில் ஒரு நிறுவனத்தின் பெயரோடு "நிர்வகிக்கப்படுகிறது" என்ற கருத்தில் வாசகம் வந்தால், அது வேலைத்தலத்துப் போன். அந்த நிறுவனம் விடுவிக்காமல் யாராலும் முடியாது. இணையத்தில் இதைத் தாண்டும் வழி என்று விற்பதெல்லாம் அடுத்த அழிப்போடு போய்விடும்.

7. இங்குள்ள கோபுரத்தோடு பொருந்துமா?

பூட்டில்லாத போன் எல்லாம் இங்கே நன்றாக வேலை செய்யும் என்றில்லை. நம் நாட்டு 4ஜி சேவைக்கு 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது பாண்ட் 3, அவசியம். 2ஜிக்கு 900, 1800. அமெரிக்க முன்கட்டணக் கொம்பனிக்கென்றே செய்த மலிவு அன்ட்ரொயிட்களில் இவை குறைந்திருப்பதுண்டு. மொடல் எண்ணை முழுதாகப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு போன் விற்பார்கள். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் கொஞ்சம் நன்றாகக் கடக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் கோபுரத்துக்குத் தூரத்தில் வீடு என்றால் 900 இல்லாத போன் வாங்கவேண்டாம்.

சிம் வைக்கும் தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதலான போன்களில் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். டயலொக், மொபிட்டெல் இரண்டிலும் இ-சிம் உண்டு, ஆனால் சந்தியில் ரீலோட் போடும் கடையில் அதைச் செய்து தருவார்கள் என்று எண்ணவேண்டாம். கொம்பனி நிலையத்துக்குப் போகவேண்டியிருக்கும். பிறகு போன் உடைந்தால் சிம்மைக் கழற்றி அம்மாவின் பழைய போனில் போடவும் முடியாது. ஒரே போனை வீட்டில் மாறி மாறிப் பாவிக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. சீனாவில் விற்ற ஐபோன்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு: இரண்டு சிம் தட்டு, இ-சிம் இல்லை.

8. கைக்கு வந்ததும் தொடங்கும் ஒழுங்கு

முதலில் மின்னேற்றம், குறைந்தது பாதிக்கு மேல். இடையில் நின்றால் சில போன்களில் திரும்பத் தொடங்கவேண்டி வரும்.

இரண்டாவது வைஃபை. ஐபோன் தொடங்கும்போது அப்பிளின் வழங்கியோடு ஒருமுறை இணைந்தே ஆகவேண்டும். வீட்டில் வைஃபை இல்லையென்றால் இன்னொரு போனில் ஹொட்ஸ்பொட் போடுங்கள்.

மூன்றாவது *#06# அழுத்தி, முன்பு அனுப்பிய படத்தோடு எண்ணை ஒத்துப் பாருங்கள். வழியில் போன் மாறிய கதைகள் உண்டு.

நாலாவதுதான் சிம். தேசிய அடையாள அட்டையில் உங்கள் பெயரிலேயே எடுத்த சிம்மாக இருக்கட்டும். இன்னொருவர் பெயரில் உள்ள சிம் தொலைந்தால் அந்த எண்ணை மீட்க அவரையே தேடவேண்டும். வங்கிக் குறியீடு வருவதும் அந்த எண்ணுக்குத்தான். பழைய பெரிய சிம்மைக் கத்தரியால் வெட்டிப் போடாதீர்கள். தடிப்பு வேறு, தட்டில் இறுகும். நானோ சிம்மாக மாற்றித் தருவார்கள்.

இ-சிம் என்றால் கொம்பனி தரும் சதுரக் குறியை இன்னொரு திரையிலோ தாளிலோ வைத்து வாசிக்கவேண்டும். ஒரு குறி பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும். பிறகு போனை அழிக்க நேர்ந்தால், "இ-சிம்மை வைத்துக்கொள்" என்ற தெரிவைப் பார்த்து அழுத்துங்கள்.

9. அழைப்பையும் டேட்டாவையும் வெவ்வேறாகச் சோதியுங்கள்

வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். வைஃபையில் வட்ஸ்அப் ஓடுவதைப் பார்த்து "சிம் வேலை செய்கிறது" என்று நினைப்பவர்கள் ஏராளம்.

அழைப்பு வருகிறது, டேட்டா வரவில்லை என்றால் பெரும்பாலும் ஏ.பி.என் (போனைக் கொம்பனியின் இணையத்தோடு இணைக்கும் அமைப்பு) பிழை. கொம்பனிப் போன்களில் பழைய நாட்டு ஏ.பி.என் தங்கியிருக்கும், அதை நீக்கி இங்குள்ளதைப் போடவேண்டும். சரியான எழுத்துகளைக் கேட்க டயலொக் 1777, மொபிட்டெல் 1717, ஹச் 1788.

டேட்டா ஓடுகிறது, ஆனால் அழைப்பு எடுத்தவுடன் 4ஜி அடையாளம் விழுந்து இணையம் நிற்கிறது என்றால், போனில் 4ஜி வழி அழைப்பு வேலை செய்யவில்லை. செட்டிங்ஸில் "வோல்ட்ஈ" தெரிவை இயக்கிப் பாருங்கள். அந்தத் தெரிவே இல்லையென்றால், அந்த மொடலின் மென்பொருளில் நம் நாட்டுக் கொம்பனிக்கு இடமில்லை. மென்பொருளைப் புதுப்பித்தும் வராவிட்டால் அதோடு வாழப் பழகவேண்டியதுதான்.

"நோ சேர்விஸ்" மட்டும் வந்தால், அதே சிம்மை வேறு போனில் போடுங்கள். அங்கே ஓடினால் பிழை போனில்: 1909 பதிலை மறுபடி பாருங்கள், பிறகு கரியர் லொக் வரியை.

10. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பாவித்த போன் வாங்கினால்

மேலேயுள்ள சோதனைகளைக் கடை மேசையிலேயே செய்யலாம், பத்து நிமிடம் போதும். ஐபோன் என்றால் முதலில் சிம் தட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சிம்முக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று ஒட்டியிருந்தால் அது பூட்டிய போன். அந்தத் தகடு போனை ஏமாற்றி ஓடவைக்கிறது. மென்பொருள் புதுப்பித்தாலோ அழித்தாலோ நின்றுவிடும். "அப்டேட் மட்டும் போடாதேங்கோ" என்று கடைக்காரர் சொன்னால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கடைக்காரர் முன்னாலேயே போனை முழுதாக அழித்து, மறுபடி தொடங்கவையுங்கள். கணக்குப் பூட்டு இருந்தால் அப்போதே தெரியும். அதற்கு அவர் மறுத்தால் போனை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தவணைக்கு எடுப்பவர்கள், கட்டணம் பிந்தினால் போனைப் பூட்டும் செயலி போடப்படுகிறதா, கடைசித் தவணையோடு அதை யார் நீக்குவார், எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். இங்குள்ள கொம்பனிகள் விற்கும் போன்களில் சிம் பூட்டு அரிது. வீட்டு 4ஜி ரவுட்டரும் டொங்கிளும் வேறு கதை, அவை தங்கள் சிம்முக்கென்றே பூட்டி வருவது வழக்கம். போனுக்குச் சரிவந்த மற்றக் கொம்பனி சிம்மை ரவுட்டரில் போட்டு, ரவுட்டர் பழுதென்று திருத்தக் கொடுக்குமுன் அதை யார் விற்றது என்று பாருங்கள்.